சிவகிரியில் ஒரு கட்டில்

வர்க்கலா ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன: வர்க்கலா சிவகிரி. இறங்குகிற கூட்டமும் அப்படியே இரண்டாகப் பிரிகிறது. முதுகுப்பையும் வெயில்கண்ணாடியுமாக வருகிறவர்கள் கடற்கரைச் செம்பாறைக்கு ஆட்டோ பேசுகிறார்கள். வேட்டியும் செட்டு முண்டும் கட்டிக் குடும்பமாக வருகிறவர்கள் பேரம் பேசுவதில்லை. "மடத்துக்கு" என்று ஒரு சொல் சொல்லி ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். கடலை எங்கள் ஊரிலேயே வேண்டிய அளவு பார்த்தாகிவிட்டது.

எங்கள் ஊர் குமரி மாவட்டம். 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை அதுவும் திருவிதாங்கூர்ச் சீமைதான். சிவகிரி மடத்தை நிறுவிய நாராயண குரு எந்த அரசரின் குடிமகனோ அதே அரசரின் குடிமக்கள்தான் எங்கள் தாத்தா பாட்டிமார். தோள்சீலைக்காக எங்கள் பக்கத்துப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி, 1859இல்தான் மேலாடை போட்டுக்கொள்ளும் உரிமை அரசாணையாக வந்தது. அப்போது செம்பழந்தியில், பின்னாளில் நாராயண குரு ஆகப்போகும் நாணு என்ற சிறுவனுக்கு மூன்று வயது. கேரளத்துத் துறவி ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்ற எண்ணமே எனக்கு வழியில் எங்கும் வரவில்லை. பிரிந்துபோன பங்காளி வீட்டுக்குப் போகிற மாதிரிதான் இருந்தது.

நேரே வர்க்கலாவுக்கு ரயில் ஏறியிருக்கலாம். ஆனால் கடைசி அறையைப் பார்ப்பதற்குமுன் முதல் வீட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. குரு வாழ்ந்த இடங்கள் தெற்கிலிருந்து வடக்காக, ஏறக்குறைய ஒரே சாலை வழியாக வரிசையாகக் கிடைக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் மருந்துவாழ்மலை. அங்கே பிள்ளைத்தடம் என்ற குகையில்தான் இளம் வயதில் அவர் தவம் இருந்தார். ஏற்றம் கொஞ்சம் கடினம். வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிடுவது நல்லது. குகைக்குள் ஒரு ஆள் உட்காரலாம், படுக்கலாம், அதற்குமேல் இடமில்லை. மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் தென்னையும். கீழே சற்றுத் தள்ளித்தான் அய்யா வைகுண்டரின் சுவாமித்தோப்பு. அந்தப் பதியின் உள்ளே கண்ணாடி வைத்து வணங்குகிறார்கள் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். இதை இங்கே சொல்லி வைக்கிறேன். கண்ணாடி இன்னொருமுறை வரும்.

அடுத்தது அருவிப்புறம். நெய்யாற்றங்கரைக்கு அருகே, நெய்யாறு பாறைகளுக்கிடையே சத்தமிட்டு ஓடும் இடம். 1888 சிவராத்திரி இரவில் குரு ஆற்றுக்குள் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து, இதுதான் சிவன் என்று கரையில் வைத்தார். பிரதிஷ்டை செய்யப் பிராமணருக்குத்தான் உரிமை என்றிருந்த காலம். ஈழவ சாதியில் பிறந்தவர் இதைச் செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு, நான் வைத்தது எங்கள் சிவனைத்தானே என்று அவர் சொன்ன பதில் கேரளத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். அந்தப் பதிலில் சண்டை இல்லை, கெஞ்சலும் இல்லை. சிரித்துக்கொண்டே கதவைத் தூக்கிக் கழற்றி ஓரமாக வைத்த மாதிரி ஒரு பதில். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லாரும் உடன்பிறந்தாராக வாழும் இடம் இது என்று அவர் அங்கே எழுதி வைத்தார். அந்தக் கோயிலை நடத்த அமைந்த சிறு சங்கம்தான் வளர்ந்து, 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் ஆயிற்று. டாக்டர் பல்பு பின்னால் நிற்க, கவிஞர் குமாரன் ஆசான் அதன் முதல் பொதுச் செயலாளர். மருத்துவம் படித்துத் தேறிய பல்புவுக்குச் சாதியைக் காட்டித் திருவிதாங்கூர் வேலை தர மறுத்தது. அவர் மைசூர் போய் வேலை பார்த்தார்.

செம்பழந்தி திருவனந்தபுரத்துக்கு வெளியே இருக்கிறது. வயல்வாரம் வீடு என்று பெயர். மண்சுவர், ஓலைக் கூரை, குனிந்துதான் நுழைய முடிகிற வாசல். அப்பா மாடன் ஆசான் பள்ளிக்கூடம் நடத்தியவர். வைத்தியமும் சோதிடமும் தெரிந்த குடும்பம். ஆகவே இது ஏழ்மையின் வீடு என்று நினைக்கக் கூடாது. ஓரளவு வசதியுள்ள ஈழவக் குடும்பம் ஒன்று அந்தக் காலத்தில் கட்டிக்கொள்ளக்கூடிய வீடு இவ்வளவுதான் என்று பார்க்க வேண்டும். வீட்டைச் சுற்றி நடந்துவர அதிக நேரம் ஆகவில்லை. அங்கே எனக்குப் பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை என்பதுதான் உண்மை. பிறந்த வீடுகள் பெரும்பாலும் அப்படித்தான்; ஒரு குழந்தை பிறந்தது என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு கதை தெரியாது.

திருவனந்தபுரத்தில் இன்னொரு நிறுத்தம், தமிழர்களுக்காகவே: தைக்காடு. அங்கே அய்யாவு சுவாமிகள் என்று ஒரு தமிழர் இருந்தார். ஆங்கிலேய ரெசிடென்சியில் சூப்பிரண்டெண்ட் வேலை, வீட்டில் யோகம். சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் யோகம் பயின்றவர்கள். தாழ்த்தப்பட்டவர்களையும் உயர்சாதிக்காரர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டதற்காக அந்த ஊர் அவரை ஏசியது. குரு தமிழில் பதிகங்கள் எழுதினார், திருக்குறளின் ஒரு பகுதியையும் ஒழிவிலொடுக்கம் என்ற தமிழ் நூலையும் மலையாளத்தில் தந்தார் என்று படிக்கும்போது, அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விடை தைக்காட்டில் இருக்கிறது. அய்யாவு சுவாமிகள் 1909இல் மறைந்தார். சமாதி இருக்கும் சிவன் கோயிலில் நான் போன நேரம் ஆளே இல்லை.

இனி சிவகிரி.

1904 வாக்கில் குரு இங்கே வந்தபோது இது புதர் மண்டிய மேடு. ஒரு பர்ணசாலை போட்டுக்கொண்டு தங்கினார். செடி கொடி வைத்தார். அக்கம்பக்கத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளி தொடங்கினார். 1912இல் சித்ரா பௌர்ணமியை ஒட்டி சாரதையைப் பிரதிஷ்டை செய்தார். சாரதா மடம் எட்டுப் பட்டைக் கட்டடம். சன்னல்களில் வண்ணக் கண்ணாடி. உள்ளே கல்விக்கு உரிய தெய்வம் தாமரைமேல் உட்கார்ந்திருக்கிறாள். அபிஷேகம் கிடையாது, நைவேத்தியம் கிடையாது. பூவும் பாட்டும் போதும் என்று வைத்தவரே சொல்லிவிட்டார். எழுத்தறிவே எட்டாதிருந்த மக்களுக்கு எந்தத் தெய்வத்துக்குக் கோயில் கட்டினார் பாருங்கள். சில வருடம் கழித்து, 1917இல், இனிக் கோயில் கட்டுவதில் ஊக்கம் வேண்டாம், பள்ளிக்கூடமே முக்கியமான கோயிலாக இருக்கட்டும் என்று அறிக்கையே விட்டார். சாரதா மடத்தின் முன்னால் நிற்கும்போது அந்த அறிக்கை ஐந்து வருடம் முன்னாலேயே கட்டடமாக நிற்கிறது. விஜயதசமியன்று சின்னக் குழந்தைகளை மடியில் வைத்து அரிசியில் எழுத்து எழுதவைக்க இங்கே கூட்டம் நெரியும்.

சாரதா மடத்துக்குப் பக்கத்தில்தான் நான் தேடி வந்த வைதிக மடம். பெயரைக் கேட்டால் ஏதோ யாகசாலை போலத் தோன்றும். பார்த்தால் ஒரு வீடு. திண்ணையும் தூண்களும் வைத்த, மழைக்குத் தோதாக ஓடு இறங்கிய, எங்கள் பக்கத்து நாட்டு வைத்தியர் வீடுகளைப் போன்ற ஒரு கட்டடம். குரு கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும், 1928 செப்டம்பர் 20ஆம் தேதி உயிர் நீத்ததும் இங்கேதான். மலையாளக் கணக்கில் கன்னி மாதம் ஐந்து. கேரளத்தில் அந்த நாளும் அரசு விடுமுறை, அவர் பிறந்த ஆவணிச் சதயமும் அரசு விடுமுறை. பிறப்புக்கும் இறப்புக்கும் இரண்டுக்குமே விடுமுறை விடப்படும் துறவி வேறு யாராவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து இல்லை.

செருப்பை விட்டுவிட்டு ஏறினால் அவர் புழங்கிய அறை. கட்டில் இருக்கிறது. நாற்காலி இருக்கிறது. ஊன்றுகோலும், அன்றாடம் பயன்படுத்திய சில சாமான்களும் இருக்கின்றன. உள்ளே நுழைந்து தொட விடமாட்டார்கள். வாசலில் நின்று பார்க்கலாம். விளக்கு எரிகிறது. பூ வைத்திருக்கிறார்கள். யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, ஆனால் அமைதி காக்கவும் என்று மிரட்டுகிற பலகையும் இல்லை.

எனக்கு முன்னால் கொல்லத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் நின்றிருந்தார். கூடவே பேத்தி, ஆறேழு வயது இருக்கும். "அம்மம்மா, மெத்தை எங்கே?" என்று அது கேட்டது. "குருதேவன் மெத்தையிலா படுப்பார்?" என்று அம்மாள் செல்லமாகக் கடிந்தார். பிறகு என்னைப் பார்த்து, தமிழ்நாடா என்று கேட்டுவிட்டு, தன்னுடைய பாட்டியின் பாட்டி குருவைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள் என்றார். "கிட்டே போகவில்லையா?" என்றேன். "கிட்டே போகலாம் என்று அவளுக்குத் தெரியாது, சாரே. யார் பக்கத்திலும் கிட்டே போய்ப் பழக்கம் இல்லையே!"

அந்தப் பதிலோடுதான் நான் மறுபடி அறைக்குள் பார்த்தேன். திருவிதாங்கூரில் சாதி என்பது அடிக்கணக்கில் அளக்கப்பட்ட ஒன்று. இன்னார் இன்னாருக்கு இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும். இந்தத் தெருவில் நடக்கலாம், அந்தத் தெருவில் கூடாது. இவர் முன்னால் உட்காரலாம், அவர் முன்னால் கூடாது. இந்தப் பின்னணியில் ஒரு நாற்காலி வெறும் மரச்சாமான் இல்லை. இந்த மடத்துக்கு 1922 நவம்பரில் தாகூர் வந்தார். 1925 மார்ச்சில் காந்தி சிவகிரிக்கு வந்தார். நாட்டின் பெரிய மனிதர்கள் ஒரு ஈழவத் துறவியைத் தேடி வந்து, எதிரே சமமாக உட்கார்ந்து பேசினார்கள். தெருவில் நடக்கவே உரிமை இல்லாத சாதியில் பிறந்தவர் உட்கார்ந்திருந்த இருக்கை என்பதால்தான் அந்த நாற்காலியைப் பார்க்க வேண்டும்.

காந்தி வந்த கதையில் மாமரம் ஒன்று வரும். மரத்தைக் காட்டி, இலைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லையே, மனிதரிலும் அப்படித்தானே வேற்றுமை என்று காந்தி சொன்னாராம். எந்த இலையைக் கசக்கினாலும் சாறு ஒன்றுதானே என்று குரு சொன்னாராம். இதைச் சிவகிரியில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கதையின் அழகுக்காக மட்டும் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதற்கு முந்தைய வருடம் இருவருக்கும் இடையில், கோயிலை ஒட்டிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கான வைக்கம் சத்தியாக்கிரகம் பற்றி ஒரு சிறு உரசல் நடந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தடுப்பு வைத்தால் ஏறிக் குதித்துப் போகலாமே என்ற பொருளில் குரு பேசியதாகச் செய்தி வந்து, அது அகிம்சைக்குப் பொருந்தாது என்று காந்தி தம் பத்திரிகையில் எழுதினார். சாந்தமே உருவானவர் என்று படம் வரைந்து மாட்டப்பட்டிருக்கும் மனிதருக்குள் அப்படி ஒரு அவசரமும் இருந்தது.

அந்த அவசரத்துக்குச் சாட்சி சொல்லும் பொருள் ஒன்று சிவகிரியிலேயே இருக்கிறது: குரு பயணம் செய்த ரிக்ஷா. கையால் இழுக்கும் பழைய வண்டி. இன்று பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கைப் பொருள்; செல்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வைக்கத்தில் குரு ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது, கோயிலை ஒட்டிய தெருவுக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்டார் என்ற செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. கிறித்தவரோ முஸ்லிமோ அதே தெருவில் தாராளமாகப் போகலாம். ஆயிரக்கணக்கானோர் காலில் விழும் குருவுக்கு வழி இல்லை. வைக்கம் சத்தியாக்கிரகம் 1924 மார்ச் 30இல் தொடங்கியது. குரு ஆயிரம் ரூபாய் கொடுத்தார். வைக்கத்தில் தமக்கிருந்த ஆசிரமத்தைச் சத்தியாக்கிரகிகள் தங்கக் கொடுத்தார். செப்டம்பரில் தாமே நேரில் போனார். தலைவர்கள் எல்லாம் சிறைப்பட்ட கட்டத்தில் ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ப் போராட்டத்தை எடுத்து நடத்தி, இருமுறை சிறை சென்றார். நாகம்மையாரும் பெண்களைத் திரட்டிக்கொண்டு அங்கே நின்றார். ஒரு ரிக்ஷாவின் பக்கத்தில் நின்று கொண்டு இவ்வளவையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் படம் எடுத்த கையோடு இதையும் சொல்லிக் கொடுத்தால் நல்லது.

கட்டிலுக்குத் திரும்புகிறேன். குருவுக்குக் கடைசிக் காலத்தில் உடம்பு வெகுவாகப் படுத்தியது. சிகிச்சைக்காகப் பாலக்காடு, சென்னை என்று கொண்டுபோனார்கள். பலன் இல்லாமல் இங்கேயே திரும்பினார். கடைசி நாளில் பக்கத்தில் யோகவாசிஷ்டம் வாசிக்கப்பட்டது என்று சீடர் மரபில் சொல்வார்கள். சொத்துகளுக்கு வாரிசாக அவர் அறிவித்திருந்த போதானந்த சுவாமி மூன்றே நாளில் தாமும் காலமானார். அதன்பிறகு மடத்துக்கு எத்தனையோ வழக்கு, எத்தனையோ கட்சி. துறவி விட்டுச்செல்லும் கட்டிலுக்கு யாரும் சண்டை போடுவதில்லை, நிலத்துக்குத்தான் போடுகிறார்கள்.

வைதிக மடத்திலிருந்து படியேறினால் குன்றின் உச்சியில் குருவின் சமாதிக் கோயிலான மகாசமாதி மந்திரம். தூரத்திலிருந்தே தெரியும் வெள்ளைக் கோபுரம். 1968இல் குருவின் சிலை இங்கே பிரதிஷ்டை செய்யப்பட்டது. வரிசை நீளமாக இருந்தது. பலர் கைகூப்பி அழுதார்கள். எனக்கு அங்கே நிற்கும்போது ஒரு நெருடல். நெருடலை மறைத்து எழுதினால் இது பயணக் கட்டுரை ஆகாது, கோயில் துண்டறிக்கை ஆகிவிடும்.

குரு பிரதிஷ்டை செய்தவற்றை வரிசையாக எண்ணிப் பாருங்கள். அருவிப்புறத்தில் கல். பிறகு ஊர் ஊராகச் சிவனும் முருகனும் தேவியும். திருச்சூர்ப் பக்கம் காரமுக்கில், சாமிக்குப் பதிலாக ஒரு விளக்கு. முருக்கும்புழையில், விளக்கும் இல்லை. சத்தியம், தர்மம், தயை என்று சில சொற்கள். 1927இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில், சொல்லும் இல்லை; ஒரு கண்ணாடி. கும்பிட வருகிறவன் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் சுவாமித்தோப்பில் வைகுண்டர் வழியினர் அவருக்கு வெகுகாலம் முன்பே செய்துவந்த காரியம் இது. மருந்துவாழ்மலையில் தவம் இருந்தவர் கண்ணில் அது பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வது குமரிக்காரனான என் ஆசை, அவ்வளவே. இப்படி உருவத்தைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுவந்தவருக்கு, நாம் கோபுரம் எழுப்பிச் சிலை வைத்து, வரிசை கட்டி நிற்கிறோம்.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. களவங்கோட்டில் கண்ணாடி வைத்த அதே 1927இல், தலச்சேரி ஜகந்நாதர் கோயிலில் குருவின் வெண்கலச் சிலை வைக்கப்பட்டது. இத்தாலியில் வார்த்து வந்த சிலை. அவர் உயிரோடு இருக்கும்போதே! வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. தமக்குக் கண்ணாடி போதும், ஆனால் ஜனங்களுக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பரம்பரை பரம்பரையாகக் கோயில் மதிலுக்கு வெளியே நின்றவர்கள், நம்மவர் ஒருவருக்குக் கோயில் என்று குன்றின்மேல் ஏறி நிற்பதில் ஒரு நியாயம் உண்டு. திருவிதாங்கூரில் கோயில்கள் எல்லாருக்கும் திறந்தது 1936இல்தான். குரு அதைப் பார்க்கவில்லை. வரிசையில் அழுதவர்களைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்து தத்துவம் பேசும் தகுதி எனக்கு இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கும் மந்திரத்தைவிடக் கீழே இருக்கும் அறைதான் அவரைக் காட்டுகிறது. மந்திரத்தில் அவர் தெய்வம். நாம் கேட்பதைக் கொடுப்பார். அறையில் அவர் உடம்பு தளர்ந்து ஊன்றுகோலைத் தேடிய கிழவர். கேள்வி கேட்டால் பதில் சொல்வார். காவிகூட அவர் வெகுகாலம் உடுத்தவில்லை. வெள்ளை வேட்டியோடுதான் இருந்தார். 1918இல் இலங்கை போனபோதுதான் காவி கட்டினார். பெரிய குங்குமம், உருத்திராக்க மாலை, புலித்தோல் என்று நாம் எதிர்பார்க்கும் எதுவும் அந்த அறையில் இல்லை. சாதாரண மனிதர் ஒருவர் வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார் என்பது போலத்தான் இருக்கிறது அந்த அறை. ஆசிரமங்களில் இப்படிப்பட்ட அறைகளைப் பளிங்கு பதித்து, குளிர்சாதனம் வைத்து, ஒளிவிளக்கு போட்டுக் கெடுத்துவிடுவதை நாடெங்கும் பார்த்திருக்கிறேன். இங்கே இன்னும் கெடுக்கவில்லை. தயவுசெய்து கெடுத்துவிட வேண்டாம்.

மதியம் அன்னதானம். நீண்ட கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, ஒரு கூட்டு, மோர். என் ஒரு பக்கம் அந்தக் கொல்லத்து அம்மாள். மறுபக்கம் யாரென்று தெரியாத ஒரு இளைஞர், தலையில் மஞ்சள் துண்டு. 1917இல் செறாயியில் சகோதரன் ஐயப்பன் என்ற இளைஞர் ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்கார வைத்து விருந்து நடத்தியபோது, அவருடைய சொந்தச் சாதிக்காரர்களே அவரைப் புலையன் ஐயப்பன் என்று பட்டம் கட்டி ஒதுக்கினார்கள். குரு ஐயப்பன் பக்கம் நின்றார். இப்போது பந்தியில் யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. "மோர் வேணுமா, அண்ணாச்சி?" என்று பரிமாறுகிறவர் என்னிடம் தமிழில் கேட்டார். என் மலையாளத்தைக் கேட்டே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார் போலும்.

சாதியை அடியோடு கழுவிவிட்ட பூமி என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் 2024 டிசம்பர் இறுதியில், சிவகிரித் தீர்த்தாடன மேடையிலிருந்தே மடத்தின் தலைவர் சச்சிதானந்த சுவாமி, கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்ற வழக்கத்தை விட்டுவிடச் சொன்னார். பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்த வழக்கம் அது என்பது அவர் வாதம். முதலமைச்சர் பினராயி விஜயன் ஆதரித்தார், எதிர்த்தவர்களும் ஏராளம். சட்டைப் பொத்தானைப் பற்றி ஒரு மாநிலமே வாரக்கணக்கில் சண்டையிட்டது. ஆகவே அந்தக் கட்டிலின் சொந்தக்காரர் தொடங்கிய வேலை முடிந்துவிடவில்லை.

தீர்த்தாடனம் என்று சொன்னேன். டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை, மஞ்சள் உடை உடுத்தி லட்சக்கணக்கானோர் சிவகிரிக்கு வருகிறார்கள். 1928 ஜனவரியில் கோட்டயத்தில் இப்படி ஒரு யாத்திரைக்குப் பக்தர்கள் குருவிடம் அனுமதி கேட்டபோது, வெறுமனே வந்து கும்பிட்டுப் போவதற்கா என்று கேட்டு, அந்த யாத்திரைக்கு எட்டு நோக்கங்களை அவரே வகுத்துக் கொடுத்தார்: கல்வி, தூய்மை, இறைபக்தி, சங்கமாகச் சேர்தல், விவசாயம், வியாபாரம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி. துறைவல்லுநர்களைக் கூப்பிட்டு இவற்றைப் பற்றிப் பேசச் சொல்லி, ஜனங்கள் கேட்டுக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். மஞ்சள் துணிக்காகப் பட்டு வாங்கிச் செலவழிக்காதீர்கள், இருக்கிற வெள்ளை வேட்டியை மஞ்சளில் முக்கிக் கொள்ளுங்கள் என்றும் சொன்னார். பக்தியை எட்டில் ஒரு பங்காக வைத்த புனித யாத்திரை உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

கூட்டத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த மூன்று நாட்களில் போகலாம். அறையைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களையும், சதயத்தையும், கன்னி ஐந்தையும், விஜயதசமியையும் விட்டுவிட்டு, ஏதாவது ஒரு வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். நாகர்கோவிலிலிருந்து கொல்லம் போகும் ரயில்கள் பலவும் வர்க்கலாவில் நிற்கின்றன. நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடம்.

நம் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வரும் பேருந்துகள் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் காட்டிவிட்டு அப்படியே மதுரைக்குத் திரும்பிவிடுகின்றன. மருந்துவாழ்மலை அந்தச் சாலை ஓரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து அருவிப்புறம், சிவகிரி, அப்புறம் 2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்த வைக்கம் பெரியார் நினைவகம் என்று வடக்கே போகலாம். பிள்ளைகளை ஒருமுறை அந்த வழியாகவும் கூட்டிப் போங்கள்.